தங்கமான பன்னிரண்டு பேர்

ஆள் எடுக்கும் கலையைக் கரைத்துக் குடித்தவர்கள் உலகில் இரண்டே பேர். ஒருவர் நம் பணியாளர் பிரிவு மேலாளர். இன்னொருவரை அவரே நேர்முகத் தேர்வில் கழித்துக் கட்டிவிட்டார். ஆகவே வீட்டுக்கு மீன் வாங்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தபோது, மீன் குலத்துக்கே நல்ல காலம் பிறந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

மீன் கேட்டவர் அவருடைய மனைவி. வீட்டிலேயே துணி தைப்பவர். நாள் முழுக்க ஊசி முனையைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போகிறது என்று, தையல் மிஷினுக்குப் பக்கத்தில் ஒன்றரை அடிக் கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கி வைத்தார். கூழாங்கல் பரப்பி, ஒரு செடி நட்டு, தண்ணீர் பதப்பட மூன்று வாரம் பொறுமையாகக் காத்திருந்தார்.

"ஒரே ஒரு நீல மீன் போதும்ங்க" என்றார். "நான் தைக்கும்போது அது பாட்டுக்கு நீந்திட்டு இருக்கட்டும். உத்தரவு போடாத உசிரு ஒண்ணாவது இந்த வீட்டுல என் கண்ணு முன்னாடி இருக்கணும்."

கடைசி வாக்கியம் மேலாளரின் காதில் ஏறவில்லை. அதற்குள் அவர் கோப்பு திறந்துவிட்டார். 'நீர்வாழ் பணியிடங்கள்: நிரப்புதல் தொடர்பாக' என்று அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதியும் விட்டார்.

வளர்ப்பு மீன் கடையில் இருந்த பெண் தொட்டியின் அளவைக் கேட்டாள். கேட்ட கையோடு ஒரு சின்னக் குடுவையை எடுத்து முன்னால் வைத்தாள். உள்ளே நீல வாலை விசிறிக்கொண்டு ஒரு மீன் தனியாக உலாவியது.

"இது ஃபைட்டர் சார். உங்க தொட்டிக்கு இது ஒண்ணு கச்சிதமா இருக்கும்."

"ஏன் தனியா வெச்சிருக்கீங்க?"

"இன்னொரு ஆண் ஃபைட்டரைப் பார்த்தா சண்டைக்குப் போயிடும். தனியா விட்டா ரொம்ப சாது."

மேலாளர் கோப்பில் எழுதினார்: 'பெயரே சண்டை. சக ஊழியருடன் ஒத்துப்போகாதவர். நிராகரிக்கப்படுகிறது.'

அடுத்து நியான் மீன்கள். சிவப்பும் நீலமுமாக மின்னிக்கொண்டு ஒரே திசையில் போயின.

"இதுங்க கூட்டமா இருந்தாதான் தைரியமா இருக்கும் சார். ஒண்ணு ரெண்டு வாங்கினா பயந்து மூலையில ஒதுங்கிடும்."

மேலாளரின் முகம் கறுத்தது. "கூட்டம் சேர்ந்தா தைரியம் வருதுன்னா, அதுக்குப் பேரு தொழிற்சங்கம். வேண்டாம்."

கப்பி மீன் இறுதிச் சுற்று வரை வந்தது. நிறம், சுறுசுறுப்பு, தோற்றம் எல்லாவற்றிலும் முழு மதிப்பெண். "மாசம் ஒரு தடவை குட்டி போடும்" என்று கடைக்காரப் பெண் பெருமையாகச் சொன்னாள். வருடத்துக்குப் பன்னிரண்டு பேறுகால விடுப்பா என்று அதையும் அடித்துவிட்டார்.

"அந்த மூலையில ஆரஞ்சு நிறத்துல இருக்கே, அதோட பேரு?"

"தங்கமீன்."

மேலாளர் பேனாவைக் கீழே வைத்தார். முப்பது வருடமாக அவர் தேடியதெல்லாம் தங்கமான ஊழியர்களைத்தான். பெயரிலேயே நன்னடத்தைச் சான்றிதழை ஒட்டிக்கொண்டு வந்தவர்களிடம் துருவித் துருவி என்ன கேட்பது? மரபுக்காக ஒரே ஒரு கேள்வி கேட்டார். "வேலை நேரம் முடிஞ்ச பிறகும் இருப்பீங்களா?" மீன் வாயைத் திறந்து மூடியது.

"பன்னெண்டு கொடுங்க" என்றார் மேலாளர்.

கடைக்காரப் பெண் பதறிப்போனாள். "சார், இது உள்ளங்கையை விடப் பெருசா வளரும். அசுத்தமும் நிறைய பண்ணும். ஒண்ணுக்கே உங்க தொட்டி பத்தாது."

"இடம் பத்தாதுன்னு யாரு சொன்னா? மீன் சொல்லிச்சா?"

இத்தகைய ஆழமான கேள்வியைக் கேட்டதும் அவள் வலையைக் கையில் எடுத்தாள். பைகளைக் கட்டிக் கொடுத்தாள்.

வீட்டில் மனைவி பைகளை எண்ணிப் பார்த்தார். "நீலம் எங்கேங்க?"

"நிர்வாகக் காரணங்களுக்காக நிறுத்தி வெச்சிருக்கு."

மனைவிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூன்று வாரக் காத்திருப்பு கண் முன்னால் கலங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் காலை மேலாளர் கண்ட காட்சி, எந்த நிர்வாகிக்கும் எளிதில் வாய்க்காதது. பன்னிரண்டு பேரும் தண்ணீரின் மேல்மட்டத்தில் வரிசையாகக் கூடி, அவரைப் பார்த்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள். மேலாளருக்குப் புல்லரித்தது. உடனே நாற்காலியை இழுத்துப் போட்டு அலுவலகச் சுற்றறிக்கை ஒன்றை வாசித்தார். திறந்து மூடினார்கள். இன்னொன்று வாசித்தார். இன்னும் வேகமாகத் திறந்து மூடினார்கள். இரண்டும் 'ஒருமனதாக' நிறைவேறின.

"அதுங்களுக்கு மூச்சு முட்டுதுங்க" என்றார் மனைவி.

"எழுத்துப்பூர்வமா புகார் எதுவும் வரலையே."

ஐந்தாம் நாள் ஒருவர் மல்லாந்து மிதந்தார். 'முன்னனுமதியின்றி விடுப்பு' என்று கோப்பில் ஏறியது. மனைவி அதைக் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போனார். அன்று அவர் ஒரு சட்டைக்குக் கூடக் கை வைக்கவில்லை.

விடுமுறை நாளில் மேலாளர் தன் பிரிவு ஊழியர் அத்தனை பேரையும் வீட்டுக்கு வரவழைத்துத் தொட்டியின் முன் நிறுத்தினார். முன்வரிசையில் தலைமை எழுத்தர். இருபது வருடமாக "ஆமாம் சார்" என்பதைத் தவிர வேறு எதற்கும் வாய் திறக்காத உத்தமர்.

"பாருங்க. பதினொரு பேர். ஒரு முணுமுணுப்பு கிடையாது. நான் எது சொன்னாலும் எப்படி ஆமோதிக்கிறாங்க பாருங்க. ஆமாம்தானே?"

தலைமை எழுத்தர் குனிந்து தொட்டிக்குள் பார்த்தார்.

"இல்ல சார்" என்றார். "அது ஆமோதிக்கிறது இல்ல. காத்து பத்தாம தவிக்கிறது."

அறையே அதிர்ந்துபோனது. மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நாலு பேரு உட்கார்ற ரூம்ல எங்களை அடைச்சு, ஜன்னலையும் அலமாரி போட்டு மறைச்சீங்களே சார். அன்னையில இருந்து நாங்களும் இப்படித்தான் ஆமாம் சொல்லிட்டு இருக்கோம்."

அப்போது மனைவி பெரிய வாளியோடு உள்ளே வந்தார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. சின்ன வலையால் பதினொன்றையும் ஒவ்வொன்றாக அள்ளி வாளியில் விட்டார். புதுத் தண்ணீரில் அவை கீழே இறங்கி, வாயை மூடிக்கொண்டு நீந்தின.

"எங்க எடுத்துட்டுப் போற?" என்றார் மேலாளர்.

"கடைக்கு. போன்ல கேட்டுட்டேன். அங்கே பெரிய தொட்டியில விட்டுடுவாங்க. வரும்போது என் நீல மீனோட வருவேன்."

வாளியின் ஒரு பக்கத்தைத் தலைமை எழுத்தர் பிடித்துக்கொண்டார். வாசல் தாண்டியதும் தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"அம்மா, அந்தக் கடையில எங்களையும் எடுத்துப்பாங்களா?"