மகாராணியின் கன்னத்தில் ஒரு பெயர்

உ
கதிர்காமத்து முருகன் துணை

பிலிமத்தலாவை,
12.3.1955

பன்வில தோட்டப் பாடசாலையில் வாத்தியாராக இருந்து ஊருக்கெல்லாம் புத்தி சொல்லிவரும் மதிப்புக்குரிய மச்சான் ராஜரத்தினம் அவர்களுக்கு, தையல்காரன் கணபதி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம். மனசு சுகமா என்பது இந்தக் கடிதத்தை முடிக்கும்போது உங்களுக்கே தெரியும். அக்காவின் முழங்கால் வலி குறைந்ததா, பிள்ளைகள் எப்படி என்று ஆற அமரக் கேட்கத்தான் ஆசை. ஆனால் நான் இருக்கிற இருப்பில் நேற்று ஒரு சட்டைக்கு இரண்டு இடது கையை வைத்துத் தைத்துவிட்டேன். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தங்கை என்னைக் கவிழ்த்துவிட்டாள்.

நான்கு வருஷத்துக்கு முன் போட்ட பிரஜாவுரிமை மனு ஒருவழியாக விசாரணைக்கு வந்தது உங்களுக்குத் தெரியும். முப்பத்தொன்பதுக்கு முன்னிருந்தே நானும் குடும்பமும் இந்த நாட்டில் விடாமல் இருந்ததற்குக் காகிதம் காட்ட வேண்டுமாம். காகிதத்துக்கு எங்கே போவது? கெலிஓயாவில் குடியிருந்தபோது, நாற்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்தில், மகாவலி ஆறு வீட்டுக்குள்ளேயே வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விட்டது. பரிமளத்தின் பிறப்புப் பதிவுக்கு நகலாவது எடுப்போம் என்று கேட்டால், கணபதி என்ற தகப்பனுக்கு அந்த வருஷம் பிள்ளையே பிறக்கவில்லை என்கிறார்கள். பதினேழு வயதுப் பிள்ளை வீட்டில் உட்கார்ந்து தோசை சாப்பிடுகிறது, புத்தகத்தில் இல்லையாம்! மனு தள்ளுபடியானால் தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றிவிடுவார்கள் என்று கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் என்னைப் பயமுறுத்துகிறார்கள். ஏறி எங்கே போவது மச்சான்? அந்தக் கரையில் எங்கள் ஊர் எதுவென்று என் அப்பாவுக்கே சரியாகத் தெரியாது. நான் பிறந்ததும் பிழைத்ததும் இந்த மலையில். எனக்கு வேறு இடம் கிடையாது.

இப்படி நான் தவித்துக்கொண்டிருக்கும்போதுதான், ஒரு நாள் பாக்குத் தேடி உங்கள் தங்கையின் சுருக்குப் பையில் கை விட்டேன். பாக்கு இல்லை. விக்டோரியா மகாராணி தலை போட்ட, 1882ஆம் வருஷத்து வெள்ளி ரூபாய் ஒன்று இருந்தது. அந்த மகாராணியின் கன்னத்தில் தொடங்கிக் கழுத்துவரை, பாத்திரத்தில் பெயர் வெட்டுவது மாதிரி புள்ளி புள்ளியாக, தமிழில் ‘கணபதி’ என்று வெட்டியிருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. கணபதி என்பது என் பெயர் மட்டுமா? என் தாத்தாவின் பெயரைத்தானே எனக்கு வைத்தார்கள்! 1882இல் நான் ஏது? “இது தாத்தா காசுதானே?” என்று, குசினியில் சமைத்துக்கொண்டிருந்தவளைக் கேட்டேன். “வச்ச எடத்துலயே வைங்க” என்றாள் உங்கள் தங்கை. என்ன பயபக்தி என்று மெச்சிக்கொண்டேன். என் அம்மா சாகுமுன் மருமகள் கையில் கொடுத்திருப்பாள் என்று நானே முடிவும் கட்டினேன்.

காசு கிடைத்துவிட்டது, அதற்கு ஒரு சரித்திரம் வேண்டுமே. முதலில், தாத்தா ஒரு துரையைச் சிறுத்தையின் வாயிலிருந்து காப்பாற்றியதற்குக் கிடைத்த பரிசு என்று தோன்றியது. ஒரு காற்சட்டை தைத்து முடிப்பதற்குள், சிறுத்தை வேண்டாம், நானுஓயாவுக்கு ரயில் பாதை போட்டபோது கல் உடைத்ததற்காக இருக்கும் என்று பட்டது. யோசித்துப் பாருங்கள், மகாராணியின் கன்னத்தில் பெயர் வெட்ட ஒரு கூலியாளுக்குத் தைரியம் வருமா? மேலிடத்து உத்தரவு இல்லாமல் நடக்கிற காரியமா அது? கண்டியில் அரசாங்க ஏஜெண்டின் கச்சேரி வாசலில் தட்டச்சு மெஷின் வைத்திருக்கிற பெட்டிஷன் எழுதும் திருச்செல்வத்திடம் கொண்டுபோய்க் காட்டினேன். யாழ்ப்பாணத்து மனிதர், எடுத்த எடுப்பில் யாரையும் புகழமாட்டார். அவரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். “ஓம், இது பெரிய சாட்சி. ஆனா சிறுத்தையை விடுங்கோ, ரெயிலைப் போடுவம். சிறுத்தைக்கு ஆர் வந்து சாட்சி சொல்லுறது?” என்றார். ரயிலையே போட்டோம்.

போன செவ்வாய்க்கிழமை விசாரணை. விசாரணை உத்தியோகத்தர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். காலர் அருமையான தையல், மூன்றாவது பொத்தான் மட்டும் நூல் விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது, அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கை பரபரத்தது. காசை மேசையில் வைத்து, தாத்தாவையும் ரயிலையும் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன். அவரும் பூதக்கண்ணாடியால் பார்த்துத் தலையாட்டினார். கரை சேர்ந்துவிட்டோம் என்று நினைத்தேன். அப்போது உங்கள் தங்கையைக் கூப்பிட்டார்கள்.

“ஒங்க புருஷன் பேரு என்னம்மா?” என்று கேட்டார் மொழிபெயர்ப்பாளர். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சுருக்குப் பைக்குள் கை விட்டுத் துழாவினாள். பிறகு என்னவோ ஞாபகம் வந்தவள்போல மேசையில் கிடந்த காசை நோக்கி விரலை நீட்டி, “அதுல இருக்குங்க” என்றாள்.

“அது இவரு தாத்தா பேருன்னுல்ல சொன்னாரு?”

“இல்லீங்க. இவங்க பேருதாங்க.” மோவாயால் என்னைக் காட்டினாள்.

தாத்தா பேரும் அதுதானே என்று நான் கதிரையிலிருந்து எழுந்தேன். உட்காரச் சொன்னார்கள்.

“அப்ப, காசு யாரோடது?”

“என்னோடதுங்க.”

அவ்வளவுதான், ரயில் கவிழ்ந்தது. புருஷன் ஒன்று சொல்கிறான், பெண்சாதி ஒன்று சொல்கிறாள், யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று விசாரணையை ஏப்ரல் நான்காம் திகதிக்குத் தள்ளி, காசை உறையில் போட்டு அரக்கு வைத்துவிட்டார்கள். பஸ்ஸில் நான் மனசுக்குள் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். அவள் மட்டும் ஒரே ஒரு தடவை, “காச எப்ப திருப்பித் தருவாங்க?” என்று கேட்டாள். குடியிருக்க நாடு போகப்போகிறது, இவளுக்கு ஒரு ரூபாய்க் கவலை! எனக்கு வந்த ஆத்திரத்தில் பிலிமத்தலாவையில் இறங்க மறந்து, கடுகண்ணாவை வரை போய், திரும்ப டிக்கட் எடுத்து வந்தோம்.

ஆகவே மச்சான், நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும். நாலாம் திகதி கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து, “இந்தக் காசு கணபதியின் பாட்டனாருடையது, கல்யாணத்தின்போதே நான் பார்த்திருக்கிறேன்” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது பெரிய பொய்யும் அல்ல. ரயில் வந்தது உண்மை, என் தாத்தா இருந்ததும் உண்மை. கூடவே உங்கள் தங்கையைக் கண்டித்து நாலு வரி எழுதவும், பரிமளம் வாசித்துக் காட்டுவாள். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் படிப்பும் ஆயுளும் பெருகி, எந்த அரசாங்கக் கந்தோர் வாசலிலும் நிற்காமல் வாழ முருகன் அருளட்டும்.

தங்கள் அன்பை என்றும் மறவாத,
கணபதி

பின்குறிப்பு: இதை உறையில் போட்டுத் தபாலுக்குப் புறப்படும்போது உங்கள் தங்கை அரிசிக் கூப்பன் கடையிலிருந்து வெறும் பையோடு வந்தாள். புதுக் கூப்பன் புத்தகத்துக்குப் புருஷன் பெயர் கேட்டார்களாம். ஜன்னலைச் சாத்தும்வரை பேசாமல் நின்றிருக்கிறாள். “வாயத் தெறந்து சொல்ல வேண்டியதுதானே?” என்று கத்தினேன். “எப்பிடிச் சொல்றது? காசத்தான் அவங்க எடுத்து வச்சுக்கிட்டாங்களே” என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பரிமளம்தான் சிரித்துக்கொண்டே, “அப்பா, ஒங்க பேர யாரு கேட்டாலும் அம்மா அந்தக் காசத்தான் எடுத்துக் காட்டுவாங்க. ஒங்களுக்குத் தெரியாதா?” என்றாள்.

தெரியாது மச்சான். எனக்கு மட்டும்தான் தெரியாது. பரிமளம் பிறந்தபோது பதிகிறவர் தகப்பன் பெயர் கேட்க, இவள் புருஷன் பெயரைச் சொல்லக் கூடாதென்று மூக்கின் மேல் கை வைத்துத் தும்பிக்கை காட்ட, அவர் விநாயகமூர்த்தி என்று எழுதிக்கொண்டாராம். பிள்ளை புத்தகத்தில் இல்லாமல் போனது அப்படித்தான். அந்த அவமானத்தில்தான், கல்யாணத்தில் நீங்கள் கொடுத்த ரூபாயைக் கெலிஓயாவில் பாத்திரக் கடை முஹம்மது நானாவிடம் கொண்டுபோயிருக்கிறாள். கடிதத்தை அப்படியே வைத்துவிட்டு நான் கெலிஓயாவுக்கு ஓடினேன். “அத மறக்க ஏலுமா தம்பி? ராணிட கன்னத்தில வெட்டினா பொலிஸ் புடிப்பானோண்டு பயந்து பயந்து வெட்டின காசு. அந்தப் புள்ள அங்கயும் பேரச் சொல்லல்ல, அவட நானா, ஒங்கட மச்சான், பேர எழுதிக் குடுத்த துண்டத்தான் நீட்டின” என்றார். நாலாம் திகதி வந்து சொல்லவும் சம்மதித்துவிட்டார்.

துண்டு எழுதிக் கொடுத்தது நீங்கள்! அப்படியானால் மேலே உள்ளதை முதல் வரியிலிருந்து சிரித்துக்கொண்டே வாசித்திருப்பீர்கள். போகட்டும். நீங்கள் வந்து அந்த உண்மையை மட்டும் சொல்லுங்கள், விநாயகமூர்த்தியின் பெயரில் நான் நகல் எடுத்து வைக்கிறேன். ரயிலை விட்டுவிடுங்கள். பதினேழு வருஷமாக ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கூப்பன் கடை என்று என் பெயரை இடுப்பில் முடிந்துகொண்டு அலைந்திருக்கிறாள். வெள்ளம் வந்த அன்றும் அது அவள் இடுப்பில்தான் இருந்திருக்கிறது. நான் அவளைத் திட்டிக்கொண்டே கடுகண்ணாவை வரை போயிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது மச்சான்.

அரக்கு உடைந்து காசு திரும்பும்வரை இவள் வெளியே போய்வர வேண்டும். ஆகவே பழைய ரூபாய் இரண்டு தேடி அனுப்பவும். ஒன்றில் நானா என் பெயரை வெட்டித் தருவார். மற்றதில் இவள் பெயரை, பாலம்மா என்று, வெட்டச் சொல்லியிருக்கிறேன். அதைக் காட்டச் சொல்லி எந்தக் கந்தோரிலும் என்னைக் கேட்கப் போவதில்லை. இருந்தாலும் என் சட்டைப் பையிலும் ஒன்று இருக்கட்டும்.