சம்பந்தி வீட்டுக்குச் செருப்பு அனுப்புவது குறித்து

மதிப்பும் மரியாதையும் மிகுந்த சம்பந்தி அவர்களுக்கு, பெண்ணைக் கொடுத்தவன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் சுகம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று சனிக்கிழமை காலை கோயிலில் நின்று வேண்டிக்கொண்டேன். தங்கள் மருந்துக் கடையில் வியாபாரம் பெருக வேண்டும் என்றும் சேர்த்து வேண்டினேன். அதற்கு ஊரில் நாலு பேர் படுக்கையில் விழ வேண்டியிருக்குமே என்று பிறகுதான் உறைத்தது. சோப்பு, பவுடர் வகையறா மட்டும் நன்றாக விற்கட்டும் என்று வேண்டுதலைத் திருத்திக்கொண்டேன்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சல் வரும். அதில் ஒரு ஜோடி செருப்பு இருக்கும். தாங்கள் கோபப்படக் கூடாது. சம்பந்தி வீட்டுக்குச் செருப்பு அனுப்பி வைத்த பெண்வீட்டுக்காரன் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சம்பந்தியம்மா கையில் கிடைப்பதற்குள் தாங்களே பிரித்துவிடுவது எல்லோருக்கும் நல்லது. அது மாப்பிள்ளையின் செருப்பு. போன தடவை வந்தபோது இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாய் என்று சொல்லி அவரிடம் கொடுத்துவிடுங்கள். அது என் காலுக்கு வந்த கதை தங்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும். தங்கள் மருமகள் காதுக்கு, அதாவது என் பெண் காதுக்கு, போகவே கூடாது.

காரணம் இருக்கிறது. கல்யாணம் முடிந்த முதல் மாதத்தில் நான் பாப்பாவின் தனிக்குடித்தன வீட்டுக்கு மூன்று தடவை சொல்லாமல் போனேன். முதல் தடவை கேஸ் குழாயைப் பார்க்கப் போனேன். இரண்டாவது தடவை, முதல் தடவை பார்த்த கேஸ் குழாய் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனேன். மூன்றாவது தடவை போக ஒரு காரணமும் கிடைக்கவில்லை. ஒரு வாளி மணலை எடுத்துக்கொண்டு போனேன். ஆயுள் பூராவும் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்தவனுக்கு வேறு என்ன சீர் செய்யத் தெரியும், சொல்லுங்கள். அன்றைக்குப் பாப்பா எனக்குக் காபி கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்பா, நான் கூப்பிடுற வரைக்கும் வராதீங்கப்பா. நாங்களே விழுந்து எழுந்து பழகிக்கிறோம்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் மறுவாரமே போயிருப்பேன். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்கப்புறம் அவள் கூப்பிடவில்லை. போனில் பேசுவாள், சாப்பிட்டீங்களா என்பாள், வாங்க என்று மட்டும் சொல்ல மாட்டாள். எனக்கு ரத்த அழுத்தம் ஏறியது. போனையும் பேப்பரையும் தூக்கிப் போட்டுவிட்டு எங்கேயாவது அமைதியான இடத்துக்குப் போய் வாருங்கள் என்று டாக்டர் சொன்னார்.

அப்போதுதான் தாங்கள் கல்யாணப் பந்தியில் கை கழுவிக்கொண்டே சொன்னது நினைவுக்கு வந்தது. "மனசு சரியில்லேன்னா அந்தக் கடலோரக் கிராமத்துக்குப் போய் ரெண்டு நாள் இருந்துட்டு வாங்க சம்பந்தி. ரெண்டு கோயில், ஒரு கடல், வேற தொந்தரவே கிடையாது" என்றீர்கள். இதையே தாங்கள் பெற்ற பிள்ளையிடமும் சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. குறை சொல்லவில்லை. ஆனால் அடிப்படையில் பார்த்தால் தப்பு தங்கள் பேரில்தான்.

போனை வீட்டிலேயே அணைத்து வைத்துவிட்டு வெள்ளிக்கிழமை மாலை நானும் என் மனைவியும் போய்ச் சேர்ந்தோம். அமைதி என்றால் அப்படி ஓர் அமைதி. ஒரே தெரு. இந்தக் கோடியில் ஒரு கோயில், அந்தக் கோடியில் கடலைப் பார்த்தபடி இன்னொரு கோயில், நடுவில் ஒரு டீக்கடை, அதன் மாடியில் எங்கள் அறை. இவள் ஜன்னலோரமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் மாடிப்படியை ஏறி இறங்கிப் பார்த்தேன், மின்சாரப் பெட்டியைத் திறந்து பார்த்தேன், கீழே தீக்கென்று மாட்டியிருந்த சிவப்பு வாளியில் மணலுக்குப் பதிலாக வெங்காயம் இருப்பதைக் கண்டுபிடித்து டீக்கடைக்காரரிடம் சொன்னேன். "தீப்பிடிச்சா வெங்காயத்தை எடுத்துட்டு மணலைப் போட்டுக்கலாம் சார்" என்றார் அவர். மேலேயிருந்து இவள், "ரெண்டு நாளைக்கு இந்த ஊர் எரியாது, வந்து உட்காருங்க" என்றாள். போய் உட்கார்ந்தேன். எதிரே கடல். இவ்வளவு தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதைப் பார்த்தால் என் மாதிரி ஆளுக்கு நிம்மதி வராமல் எப்படி இருக்கும். அந்த நிம்மதி மறுநாள் காலை வரைக்கும் இருந்தது.

மறுநாள் காலை கடலோரக் கோயிலில் மேற்படி வேண்டுதல்களை முடித்துவிட்டுக் கண்ணைத் திறக்கிறேன், வாசல் வெளிச்சத்தில் பாப்பா வருகிறாள். பின்னாலேயே மாப்பிள்ளை. கூப்பிட வாயைக்கூடத் திறந்துவிட்டேன். அப்புறம்தான் கொடுத்த வாக்கு ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வராதே என்றால் கோயில் வரைக்கும் பின்னாலேயே வந்து நிற்கிறாரே இந்த மனுஷர் என்றுதானே நினைப்பாள். தற்செயலாக வந்தேன் என்று நான் சொன்னால் யார் நம்புவார்கள்? என் இடத்தில் வேறு ஒருத்தர் சொன்னால் நானே நம்ப மாட்டேன். இனிமேல் கூப்பிடவே மாட்டாள். இவளையும் இழுத்துக்கொண்டு ஒரு தூணுக்குப் பின்னால் போய்விட்டேன்.

அந்தத் தூணைச் செதுக்கியவர் ஒல்லியான பக்தர்களை மனத்தில் வைத்துச் செதுக்கியிருக்கிறார். இவளை மறைத்தால் நான் தெரிகிறேன், என்னை மறைத்தால் இவள் தெரிகிறாள். அவர்கள் பிராகாரத்தைச் சுற்ற, நாங்கள் தூணைச் சுற்றினோம். பூசாரி தட்டோடு வந்து எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சாமி அந்தப் பக்கம் இருக்காருங்க" என்றார். தெரியும், தூண் வேலைப்பாடாக இருக்கிறது என்று சொல்லி அதற்கும் ஒரு கும்பிடு போட்டு வைத்தேன். இவள் என் காதில், "ஒரே ஒரு தடவை கூப்பிட்டுடவா? வாக்குக் குடுத்தது நீங்கதானே, நான் குடுக்கலையே" என்றாள். நியாயம்தான். ஆனால் இவள் இருக்கிற இடத்தில் நான் இருக்க மாட்டேன் என்று பெற்ற பெண் நம்புவாளா? வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். இவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கேட்டதற்கு வியர்வை என்றாள்.

அவர்கள் சன்னதியில் கண்ணை மூடி நின்ற நேரத்தில் பக்கவாசல் வழியாக வெளியே வந்து, படிக்கட்டில் கண்ணில் பட்ட கறுப்புச் செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு ஓட்டம் பிடித்தோம். தெருப்பக்கம் போனால் கோடி வரைக்கும் தெரியும் என்பதால் கடற்கரையில் இறங்கி, கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகுக்குப் பின்னால் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் அவர்களும் அதே மணலுக்கு வந்தார்கள். பார்த்தால் மாப்பிள்ளை வெறுங்காலோடு குதிக்கிறார். வெயில் ஏறி மணல் கொதிக்கிறது. அவர் குதிப்பதைப் பார்த்து, பாவம், எவனோ செருப்பைத் திருடிவிட்டான் போலிருக்கிறது, கோயிலில்கூட இப்படியா என்று இவளிடம் சொன்னேன். இவள் என் காலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். என் காலுக்கு முன்னால் இன்னும் இரண்டு விரல் அளவு செருப்பு மிச்சம் இருந்தது.

பாப்பா தன் செருப்பில் ஒன்றைக் கழற்றி மாப்பிள்ளையிடம் கொடுத்தாள். அதில் அவர் கால் பாதிதான் நுழைந்தது. ஆளுக்கு ஒரு செருப்போடு, ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, நொண்டி நொண்டித் தண்ணீர் வரைக்கும் போனார்கள். அவள் கையில் ஏதோ கறுப்பாக வைத்திருந்தாள், பர்ஸாக இருக்கும். அலையில் கால் வைத்ததும் மாப்பிள்ளை அவளைக் கரைப்பக்கம் விட்டுவிட்டுத் தான் கடல்பக்கம் நின்றுகொண்டார். தண்ணீரும் தீயும் பார்த்தவன் சொல்கிறேன் சம்பந்தி, அப்படித்தான் நிற்க வேண்டும். யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. பிள்ளையை நன்றாக வளர்த்திருக்கிறீர்கள். பாப்பா கரைப்பக்கமாகத் திரும்பி நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு சின்ன வயதில் சிரித்தது. நடுவில் பரீட்சை, வேலை, கல்யாணம் என்று எங்கேயோ போயிருந்தது. ஏனோ ரொம்ப நேரம் அதே இடத்திலேயே நின்றாள். எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. கடைசியில் நாங்கள்தான் படகுகளின் மறைவிலேயே குனிந்து போய்க் கரையேறினோம்.

நடந்தது இவ்வளவுதான். அவள் சந்தோஷமாக இருக்கிறாள். நான் போய்ப் பார்க்காமலே சந்தோஷமாக இருக்கிறாள். அப்பனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? இவ்வளவு நல்ல சேதியைத் தெரிந்துகொண்டவனுக்குத் தொண்டை ஏன் அடைக்கிறது என்றுதான் புரியவில்லை. மருந்துக் கடை வைத்திருக்கிறீர்கள், தங்களுக்குத் தெரிந்திருக்கலாம்.

மிச்சக் கதை சுருக்கமானது. அந்த ஊரில் சாப்பாடு கிடைப்பதும் அந்த டீக்கடையில்தான் என்பதால், வாசலில் உட்காராமல் பின்கட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கடைக்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "தப்பா நினைக்காதீங்க சார். பசங்க ஒத்துக்கலையா?" என்றார்.

"எதுக்கு ஒத்துக்கலையா?"

"கல்யாணத்துக்கு. இந்த வயசுலதான் சார் துணை வேணும். அது இந்தக் காலத்துப் பசங்களுக்கு எங்க புரியுது? யார் வந்து கேட்டாலும் அப்படி யாரும் வரவே இல்லைன்னு நான் சொல்லிடுறேன். அம்மாவைப் பயப்படாம சாப்பிடச் சொல்லுங்க."

நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் இவள் தலையைக் குனிந்துகொண்டு, "ரொம்ப நன்றிங்க" என்றாள். மாடிப்படி ஏறும்போது சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது இவளுக்கு. அப்புறம் கடைக்காரர் சாயங்காலம் வரைக்கும் எங்களுக்குக் காசு வாங்காமல் டீ அனுப்பிக்கொண்டே இருந்தார்.

செருப்பைக் கோயில் படியிலேயே வைத்துவிட்டு வந்துவிடலாம் என்று சாயங்காலம் போனேன். வைத்துவிட்டு நாலடி எடுத்து வைப்பதற்குள் பூக்காரம்மா, "சார், செருப்பை மறந்துட்டுப் போறீங்க" என்று தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தாள். இன்னொரு தடவை வைத்தேன். இன்னொரு தடவை ஓடி வந்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. நல்ல மனசைச் சோதிக்கக் கூடாது என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். என்னுடைய செருப்பை அங்கே காணவே காணோம். வார் அறுந்து இவள் பச்சை நூலால் தைத்துக் கொடுத்த பழஞ்செருப்பு. அதைப் போய் யார் எடுப்பார்கள்? ஊர் கெட்டுக் கிடக்கிறது சம்பந்தி. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்து ஊர் வந்து சேர்ந்தோம்.

ஆகவே தாங்கள் இந்த விஷயத்தை மனத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும். நான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன். அவள் கூப்பிடுகிற அன்றைக்குக் கூப்பிடட்டும். கூப்பிடாவிட்டாலும் எனக்குக் குறையில்லை. தங்கள் குடும்பம் தழைக்கவும், பிள்ளைகள் ஒற்றுமையாக இருக்கவும், சம்பந்தியம்மாவின் முழங்கால் வலி நீங்கவும் மனமார வேண்டிக்கொண்டு முடிக்கிறேன். இவளும் தங்கள் இருவரையும் கேட்டதாகச் சொல்லச் சொல்கிறாள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புக்கும் பொறுமைக்கும் பாத்திரமான சம்பந்தி.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் போனைச் சார்ஜில் போட்டுத் திறந்தோம். திறந்ததும் மணி அடித்தது. பாப்பாதான். எடுத்ததும் அழுதாள். தூணுக்குப் பின்னால் அம்மாவின் புடவை தெரிந்ததாம். கும்பிட்டுவிட்டுத் திரும்புவதற்குள் ஆளைக் காணோமாம். படியில் அப்பாவின் செருப்பு கிடந்ததாம், பச்சை நூலைப் பார்த்ததும் எடுத்துக்கொண்டாளாம். மாமனார் செருப்பில் கால் வைக்க மாட்டேன் என்றுவிட்டாராம் மாப்பிள்ளை. கடற்கரையில் படகுக்கு மேலே என் தலை நன்றாகத் தெரிந்ததாம். அவள் அப்படிச் சிரித்தது என்னைப் பார்த்துத்தானாம். எழுந்து வருவேன் என்று அங்கேயே நின்றாளாம். நாங்கள் குனிந்து ஓடிய பிறகு, கரையெல்லாம் தேடிவிட்டு டீக்கடையில் போய்க் கேட்டாளாம். கடைக்காரர் அடுப்பின் மேல் சத்தியம் பண்ணி, அப்படி யாரும் வரவே இல்லை என்றாராம். அன்றைக்கு மத்தியானம் வரைக்கும் இரண்டு கோயிலிலும் எங்களைத் தேடினார்களாம். "வீட்டுக்கு வராதீங்கன்னுதானே சொன்னேன். என்னைப் பார்த்தா ஓடிப்போயிடுங்கன்னா சொன்னேன்?" என்று கேட்டாள். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "உங்க செருப்பை வாசல்லயே வச்சிருக்கேன். எப்பப்பா வரீங்க?" என்றாள்.

ஆகையால் மேலே எழுதியது எதையும் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம். யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். பார்சலும் வராது, மாப்பிள்ளையின் செருப்பை நானே நாளைக் காலை பஸ்ஸில் எடுத்துப் போகிறேன். கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றேன். இவ்வளவு நேரம் உட்கார்ந்து எழுதினீர்களே, அனுப்பிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு இவள் புடவைகளை மடித்து வைத்துக்கொண்டிருக்கிறாள். நான் வாக்கு மீறவில்லை என்பதற்குத் தாங்களே சாட்சி. கூப்பிடுகிற வரைக்கும் வராதே என்றாள், இருந்தேன். இப்போது கூப்பிட்டுவிட்டாள் சம்பந்தி.