கூரையேறிய வீராங்கனைகள்

கூடைப்பந்தைத் தொடாமலேயே கூடைப்பந்து வரலாற்றில் இடம்பிடிக்கலாம் என்று உலகுக்குக் காட்டிய பெருமை திருப்பூரையே சாரும். சந்தேகமுள்ளவர்கள் 'நொய்யல் சிறுத்தைகள்' தொழில்முறை மகளிர் அணியின் அரங்கத்துக்குப் போய் அண்ணாந்து பார்க்கலாம்.

அணியின் உரிமையாளர், பனியன் ஏற்றுமதியாளர் ஆறுச்சாமி. ஆர்டர் பிடிக்க அமெரிக்கா போனவரை அங்கே ஒரு கூடைப்பந்து ஆட்டத்துக்கு அழைத்துப் போனார்கள். மாபெரும் வீரர்களின் ஜெர்சிகள் கூரையில் தொங்கின. அந்த எண்களை இனி எவரும் அணியக் கூடாதாம். எண்ணுக்கே 'ஓய்வு' கொடுத்துவிடுவார்களாம். ஆறுச்சாமி கண்கலங்கினார். ஆட்டத்தை அவர் பார்க்கவில்லை. கூரையைத்தான் பார்த்தார்.

அணிக்கு அப்போது வயது இரண்டு. வரலாறு கடும் பற்றாக்குறை. ஈடுகட்ட, நான்காம் எண் ஆறுச்சாமியின் பெயரில் கூரையேறியது. ஐந்து, அவர் சம்சாரத்துக்கு. ஆறு, வங்கி மேலாளருக்கு. ஏழு, நூல்மில் அதிபருக்கு. அவருடைய தொப்பையின் கண்ணியம் குறையாதபடி பக்கவாட்டில் துணி சேர்த்துத் தைத்தார்கள். மகளிர் அணியில் ஆண்கள் எப்படி என்று கேட்ட நிருபரிடம், "வரலாத்துல ஆம்பள பொம்பள பாக்கலாமுங்களா?" என்றார் ஆறுச்சாமி.

ஒவ்வொரு எண் மேலே போனபோதும், அதை அணிந்து ஆடிய பெண் கம்பெனியில் பனியன்களின் குறை தேடும் தன் பழைய செக்கிங் வேலைக்குத் திரும்பினாள். லீக் விதிப்படி நான்கு முதல் பதினைந்து வரைதான் எண்கள் என்ற அற்ப விஷயத்தை யாரும் வரலாற்றின் குறுக்கே போடவில்லை.

இன்னும் மூன்று எண்கள் கூரையேறிய பின், இறுதியாட்டத்துக்கு ஐந்து பேர் மிஞ்சினார்கள். அவர்களில் ஒருத்தி சத்யப்பிரியா, பதினொன்றாம் எண். அணி எடுத்த புள்ளிகளில் பாதி அவளுடையவை. ஆட்டத்தைப் பார்க்கச் சென்னையிலிருந்து ஒரு தேர்வாளர் வருகிறார். அவருக்குப் பிடித்துப்போனால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை.

ஆட்டத்தன்று காலை மேனேஜர் தண்டாயுதபாணி வந்தார்.

"கண்ணு, உன்ற ஜெர்சியக் குடு சாமி. மொதலாளி பையனுக்கு நிச்சயமாயிருச்சு. சம்பந்திக்குப் பதினொண்ணுதான் ராசியாமா."

"நான் எதைப் போட்டுட்டு ஆடறதுங்க?"

"உன்ற நம்பருக்கு மரியாத நடக்குது. அத நெனச்சு சந்தோசப்படோணும்."

"மரியாத அவருக்குங்களே?"

"நம்பரு உன்றதுதான?"



"வேற நம்பராச்சும் குடுங்க."

"கீழ இருக்கறத நம்ம புள்ளைங்க போட்டிருக்குதுங்க. மேல இருக்கறத எறக்குனா பெரியவங்க மனசு நோகுமல்ல?"

மதியத்துக்குள் அவள் பெயரின் தையலைப் பிரித்து, அதே இடத்தில் சம்பந்தியின் பெயரைத் தைத்து, இஸ்திரி போட்டுக் கூரையேற்றினார்கள். பழைய ஊசித்தடம் மட்டும் போகவில்லை.

மாலையில் நாதஸ்வரம் முழங்க, சம்பந்திக்கு மரியாதை செய்யும் விழா நடந்தது. விசில் ஊதும் முன் நடுவர் எண்ணிப் பார்த்தார்.

"நாலு பேர்தான் இருக்காங்க. அஞ்சு பேர் இல்லாம ஆட்டத்தை ஆரம்பிக்க முடியாது."

ஆறுச்சாமி பெட்டி கட்டும்போது சரக்கை எண்ணுகிற அதே கவனத்தோடு எண்ணினார். மேலே எட்டு. கீழே நாலு.

"டஜன் சரியாத்தானுங்க இருக்குது?"

நடுவர் கோப்பையை எதிரணிக்குக் கொடுத்துவிட்டார். தேர்வாளர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சாதாரணச் சட்டையில் ஓரமாக நின்ற சத்யப்பிரியாவிடம், "ஏம்மா, பதினொண்ணு யாரு? அந்தப் பொண்ணைப் பார்க்கத்தான் வந்தேன்" என்றார்.

"நாந்தானுங்க சார்."

அவர் கூரையைப் பார்த்தார். "அங்க வேற பேரு இருக்கே?"

ஆளைவிட ஜெர்சியை நம்பும் நல்ல அதிகாரி அவர். போய்விட்டார்.

சத்யப்பிரியா பந்தை எடுத்தாள். முன்வரிசையில் மாலையும் சால்வையுமாக வீற்றிருந்த சம்பந்தியின் மடியில் வைத்தாள்.

"இதையும் நீங்களே வெச்சுக்குங்க."

சம்பந்தி பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத என்னங்க பண்றது?"

ஆறுச்சாமி யோசித்தார். "அதையும் மேல ஏத்திரலாமுங்க."

"ஏத்துங்க," என்றாள் சத்யப்பிரியா. "ஒரு பந்தாச்சும் உங்க கையால மேல போகட்டும்."