வராத புயலுக்கு ஒரு திருத்தம்

சார்லட்டவுனுக்கு அருகிலிருந்து,
நவம்பர், ஒரு ஞாயிறு

மதிப்பிற்குரிய வானிலைப் பகுதி ஆசிரியர் டொரீன் அம்மையார் அவர்களுக்கு,

வணக்கம். இக்கடிதம் வந்து சேரும்போது தாங்கள் நல்ல சுகத்துடனும் ஒரு நல்ல ஜன்னலுக்கு அருகிலும் இருப்பீர்கள் என நம்புகிறேன். ஜன்னலைச் சொல்லக் காரணம் உண்டு. வானிலை எழுதுகிறவர் எப்போதாவது வெளியே எட்டிப் பார்ப்பது நல்லது.

என் பெயர் வெண்டல் மெக்ஃபீ. உங்கள் அம்மாவும் என் அம்மாவும் ஒன்றுவிட்ட அக்கா தங்கை. முறைப்படி நீங்கள் எனக்கு அக்கா. சலுகைக்காகச் சொல்லவில்லை. இந்தத் தீவில் யாரைப் பற்றிப் புகார் எழுதினாலும் அது ஒரு உறவுக்காரரிடம்தான் போய் முடிகிறது.

புகார் இதுதான். கடந்த பருவத்தில் நம் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் கூடைப்பந்து அணி ஒரே ஒரு வெற்றி குறைந்து ஆறாவது இடத்தை இழந்தது. ஹாலிஃபாக்ஸில் முதல் ஆறு அணிகளுக்கு நடந்த இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை. இதற்கு முழுக் காரணம் உங்கள் வானிலைப் பத்தி. விளையாட்டுப் பக்கத்தில் 'கடிகாரக் கோளாறு' என்று போட்டார்கள். அந்தக் கடிகாரம் நான்தான்.

நீங்கள் ஆட்டம் பார்க்காதவர் என்று கேள்விப்பட்டேன். ஆகவே சொல்கிறேன். பந்து கைக்கு வந்த அணி இருபத்துநான்கு நொடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். அந்த நொடிகளை ஓட்டுகிற பொத்தான் என்னிடம் இருந்தது. வாரநாட்களில் உருளைக்கிழங்குக் கிடங்கு, வார இறுதியில் பொத்தான். கடிகாரம் சரியாக ஓடும்வரை அதை ஓட்டுகிறவனை யாரும் பார்ப்பதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. என் நாற்காலி மேசையின் ஓரத்தில். அதை அடுத்து வெளியூர் அணியின் பெஞ்சு. அந்தப் பெஞ்சின் இந்தப் பக்கக் கடைசியில் அவர்களுடைய பிசியோதெரபிஸ்ட் உட்காருவார். எங்களுக்கு நடுவே ஒரு தண்ணீர்ப் பெட்டி.

இப்போது அதற்கும் முந்தின பருவத்துக்குப் போக வேண்டும். நியூஃபவுண்ட்லாந்து அணி வந்திருந்தது. உங்கள் பத்தி 'லேசான பனித்தூவல்' என்றது. பெய்ததில் வேலிக் கம்பங்கள் காணாமல் போயின. தீவைக் கரையோடு இணைக்கும் பாலத்தை மூடினார்கள். மோட்டலில் மின்சாரம் போயிற்று. வீட்டில் விறகடுப்பு வைத்திருப்பவர்கள் ஆளுக்கு ஒன்றிரண்டு பேரை அழைத்துப் போகும்படி விளையாட்டரங்கில் மைக்கில் கேட்டுக்கொண்டார்கள். எனக்கு வாய்த்தவன் மலக்கி. ஏணி மாதிரி இருப்பான். அன்றைய ஆட்டத்தில் கணுக்கால் பிசகியிருந்தது. கணுக்கால் போகும் வீட்டுக்கே அதைக் கவனிக்கிறவரும் போக வேண்டும் அல்லவா. அப்படித்தான் இமெல்டா என் வீட்டுக்கு வந்தார்.

மூன்று நாள் புயலுக்குத் தங்கினார்கள்.

என்ன நடந்தது என்று கேட்டால், ஒன்றும் நடக்கவில்லை. மலக்கி சோபாவில் படுத்திருந்தான். கால்கள் நாற்காலியில், பாதங்கள் அதற்கும் அப்பால். நான் விறகு எடுத்து வந்தேன். தேவைக்கு மேலேயே எடுத்து வந்தேன். இமெல்டா என் ரொட்டி மாவைக் கேட்காமல் பிய்த்து, பன்றிக்கொழுப்பில் பொரித்து, மேலே கரும்புப்பாகை ஊற்றிக் கொடுத்தார். அவர்கள் ஊர்க் காலை உணவாம். பிறகு சீட்டு ஆடினோம்.

"நீ எப்பவும் இப்பிடித்தான் போடுவியா?" என்றார் இமெல்டா.

"யோசிச்சுப் போடணும்ல."

"இருபத்துநாலு நொடி எப்பவோ ஆச்சுய்யா. விசில் அடிக்கப் போறேன்."

சோபாவிலிருந்து மலக்கி சொன்னான்: "விடுங்கக்கா. அவருக்கு அடுத்தவங்க நேரத்தத்தான் எண்ணத் தெரியும்."

இமெல்டா சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அடுப்பைப் பார்ப்பதுபோல் எழுந்து போய் அடுப்பின் முன்னால் நின்றேன்.

பனி வாரும் வண்டியின் சத்தம் கேட்டு மனம் கனத்தவன் இந்தத் தீவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கிளம்பும்போது இமெல்டா தன் தொலைபேசி எண்ணை எழுதி என் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினார். "சும்மா கூப்பிடு" என்றார். நான் கூப்பிடவில்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது? இங்கே எல்லாம் உருகிவிட்டது என்றா?

ஒரு வருடம்.

பிப்ரவரியில் அவர்கள் மறுபடி வருகிற வாரம், வியாழக்கிழமை பேப்பரில் நீங்கள் எழுதினீர்கள்: 'சனி பிற்பகல் முதல் நாற்பது சென்டிமீட்டர் பனி. பாலம் மூடப்படலாம். வெளியே செல்வதைத் தவிர்க்கவும்.' அழகான வரிகள். வானிலைப் பத்தியில் அப்படி ஒரு நடையை நான் அதுவரை படித்ததில்லை.

உங்களை நம்பி நான் கடையில் இருந்த சிப்ஸ் பொட்டலங்களை எல்லாம் அள்ளி வந்து, அதனால் தெருவே புயலில் அடைந்து கிடக்கையில் கொறிக்கிற சிப்ஸ் இல்லாமல் தவித்து, மலக்கியின் நீளத்துக்கு இரண்டு கட்டிலைக் கயிற்றால் பிணைத்து, போர்வைகளைத் துவைத்து, துவைத்தவை காயாமல் அடுப்பைச் சுற்றித் தொங்கவிட்டு, அதில் ஒன்று கருகி, அந்தப் புகைக்கு வந்த தீயணைப்புக்காரர்களிடமும் புயல் வருகிறது என்று சொல்லி, அவர்கள் போகிற வழியில் பாதிரியாரிடம் சொல்லி, அவர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை ரத்து செய்து கதவில் சீட்டு ஒட்டிவிட்டார். பக்கத்து வீட்டு எல்மர்தான் கடைசிவரை நம்பவில்லை.

"வெண்டல், வானத்தக் கொஞ்சம் பாரு. தொடச்ச கண்ணாடி மாதிரி இருக்கு."

"டொரீன் அக்கா எழுதியிருக்காங்க எல்மர்."

"போன தடவ தூவல்னு எழுதி என் கோழிக்கூண்டப் பொதச்சாங்களே, அந்த அக்காவா?"

"அதான். இந்தத் தடவ ஜாக்கிரதையா எழுதியிருப்பாங்க."

நான் நச்சரித்ததில் அவர் தன் லாரிக்குப் பனி வாரும் தகடை மாட்டினார். மறுநாள் தகடு தரையில் இறங்கியிருப்பதை மறந்து காய்ந்த சாலையில் ஓட்டிப் போனார். தீப்பொறி பறந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

வெள்ளி இரவு ஆட்டத்தில் நாம் வென்றோம். சனி பிற்பகல் இரண்டாவது ஆட்டம். விளையாட்டரங்கின் சுவரில் உயரத்தில் ஜன்னல்கள் உண்டு. நான் பொத்தானில் விரலும் ஜன்னலில் கண்ணுமாக இருந்தேன். தண்ணீர்ப் பெட்டிக்கு அப்பால் இமெல்டா. ஒரு வருடத்தில் முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். அது எனக்குத் தெரியாமல் நடந்திருந்தது. அது ஏன் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஆனாலும் வருத்தமாக இருந்தது.

கடைசி நிமிடம். நாம் ஒரு புள்ளி முன்னால். அவர்கள் பையன் எறிந்தான். பந்து வளையத்தைத் தொடாமல் காற்றில் போய், அவர்கள் கைக்கே திரும்பி வந்தது. வளையத்தில் பட்டால்தான் கடிகாரத்தைத் திருப்பி வைக்க வேண்டும். படாவிட்டால் வைக்கக் கூடாது. நான் தூக்கத்தில்கூடத் தவறவிடாத விதி. அந்த நேரம் பார்த்து ஜன்னல் வழியே வெயில் ஒரு கீற்றாக ஆடுகளத்தில் இறங்கியது. இமெல்டா அதைப் பார்த்தார்.

"கண்றாவி வெயில்" என்றார்.

மெதுவாகத்தான் சொன்னார். எனக்குக் கேட்டது. அவரும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். என் விரல் அழுந்திவிட்டது. கடிகாரம் திரும்ப நிறைந்தது. கூடுதலாகக் கிடைத்த நொடிகளில் அவர்களுடைய குள்ளப் பையன் நிதானமாக எறிந்து உள்ளே போட்டான். அந்தக் கூச்சலில் நடுவர்கள் எதையும் கவனிக்கவில்லை. ஒரு புள்ளியில் தோற்றோம். ஆறாவது இடம் அவர்களுக்குப் போயிற்று. நீங்கள் வெயில் என்று எழுதியிருந்தால் நான் ஜன்னலைப் பார்த்திருக்க மாட்டேன். புயல் வந்திருந்தால் அங்கே வெயில் இருந்திருக்காது. எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் உங்கள் பத்தியில்தான் வந்து நிற்கிறது.

இதைவிட மோசம் ஒன்று உண்டு, அக்கா. அவர்கள் ஞாயிறு காலைதான் கிளம்புவதாக இருந்தது. சனி மாலை ஒன்று முழுசாக மிச்சம் இருந்தது. அவர்கள் கோச் உங்கள் பத்தியைப் படித்துவிட்டார். போன வருடம் மாட்டின மாதிரி மாட்டக் கூடாது என்று, ஆட்டம் முடிந்த கையோடு பஸ்ஸைக் கிளப்பச் சொல்லிவிட்டார். புயல் வரவில்லை. புயலின் பெயரில் மட்டும் இமெல்டாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

வாகனம் நிறுத்துமிடத்தில், பஸ் படிக்குப் பக்கத்தில் இமெல்டா நின்றார்.

"என்ன வெண்டல், உங்க ஊர்ப் புயல் எங்க?"

"வருதுன்னு பேப்பர்ல போட்டிருந்தாங்க."

"நானும் படிச்சேன். கூடுதலா மூணு நாளைக்குத் துணி எடுத்துட்டு வந்தேன்."

ஒரு மனிதன் இதற்கு எத்தனையோ பதில் சொல்லலாம். நான் சொன்னது: "பாலத்துல காத்து இல்ல. பத்திரமாப் போயிடலாம்."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். பஸ் ஜன்னலைத் திறந்து மலக்கி தலையை நீட்டினான். "அண்ணே, வேணும்னா என் கால மறுபடி ஒடிச்சுக்கவா? எனக்கு ஒண்ணும் சிரமமில்ல." பஸ் முழுக்கச் சிரித்தது. கோச், "ஏறும்மா, நேரமாச்சு" என்றார். இமெல்டா ஏறினார். சாலை காய்ந்து கிடந்ததால் பஸ் வேகமாகப் போயிற்று.

வீடியோவில் தவறு தெரிந்த பிறகு என்னைத் தெரியாதவர்கள் இல்லை. காப்பிக் கடையில் அந்தப் பெண், "அண்ணே, இருபத்துநாலு நொடில குடிச்சிருவீங்களா, இல்ல திருப்பி வைக்கட்டா?" என்கிறாள். ஒரு தடவை அல்ல. இந்தப் பருவம் பொத்தான் என்னிடம் இல்லை. ஒரு மாணவி ஓட்டுகிறாள். நன்றாக ஓட்டுகிறாள். ஜன்னலைப் பார்ப்பதில்லை.

இந்தப் பருவ அட்டவணையும் வந்துவிட்டது. நியூஃபவுண்ட்லாந்து அணி இங்கே வரவில்லை. நம் ஆட்கள்தான் அங்கே போகிறார்கள். ஆகவே எவ்வளவு பெய்தாலும் எனக்கு இனி பயனில்லை. நான் கேட்பது ஒன்றுதான். பெயரில் ஓரெழுத்து பிழையானாலும் உங்கள் பேப்பரில் மறுநாள் திருத்தம் போடுகிறீர்கள். இதற்கும் போடுங்கள். 'கடந்த பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை வருவதாகச் சொல்லப்பட்ட பனிப்புயல் வரவில்லை. அதனால் ஏற்பட்டவற்றுக்கு வருந்துகிறோம்.' சிறிய எழுத்தில் போட்டால் போதும். இமெல்டா இங்கத்திய பேப்பரை இணையத்தில் படிக்கிறார் என்று எனக்குத் தெரியும். படித்தால் புரிந்துகொள்வார். என்னால் எழுதிக் கேட்க முடிவது இவ்வளவுதான், அக்கா. மற்றது வாய்க்கு வருவதில்லை.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும். உங்கள் வாசலில் பனி அளவாகப் பெய்யட்டும், தோட்டத்தில் உருளை நன்றாக இறங்கட்டும், அத்தானின் முழங்கால் வலி உங்கள் கணிப்புகளைவிடச் சரியாக மழையைச் சொல்லிக்கொண்டிருக்கட்டும்.

தங்கள் உண்மையுள்ள வாசகனும் தம்பியுமான,
வெண்டல் மெக்ஃபீ

பி.கு. மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். திருத்தம் வேண்டாம். தபாலில் போட எடுத்துப் போனவன், போடாமல், பயணச்சீட்டு வாங்கிவிட்டேன். ஹாலிஃபாக்ஸ் விமான நிலையத்தில் உட்கார்ந்து இதன் பின்பக்கத்தில் எழுதுகிறேன். மத்தியானம். கண்ணாடிக்கு வெளியே விமானங்கள் இருந்த இடத்தில் வெள்ளைக் குவியல்கள் இருக்கின்றன. எல்லாம் ரத்து. உங்களுக்குச் செல்வாக்கு ஏதாவது இருந்தால் இதை நிறுத்தச் சொல்லுங்கள், அக்கா. இனிப் புயலே கேட்க மாட்டேன்.

வேறு வழியில்லாமல், குளிர்பெட்டிக் கதவில் இருந்த அந்த எண்ணைக் கூப்பிட்டேன். முதல் தடவை.

"வெண்டல் பேசறேன்."

"ஏன், கணுக்கால் ஏதும் பிசகிருச்சா?"

"இல்ல. ஹாலிஃபாக்ஸ்ல இருக்கேன். பனி கொட்டுது. ப்ளேன் கிளம்பல."

"எங்க போற ப்ளேன்?"

"அங்கதான்."

"இங்க எதுக்கு?"

"மேட்ச் பாக்க."

"மேட்ச் அடுத்த வாரம்ல, வெண்டல்."

"தெரியும்."

இருவரும் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் ஒரு நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. அவர் உட்கார்ந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.