சந்தைத் தெருவுக்கு நறுமண நிவாரணம்

உசிலங்காட்டூர்ப் பேரூராட்சி மன்றம் ஒரு நல்ல நாளில் கூடியது. சந்தைத் தெருவில் துர்நாற்றம் வீசுவதாக வந்த புகாரை நெடுநேரம் விவாதித்து, துர்நாற்றத்துக்கு எதிர்ப்பதம் நறுமணம் என்பதை ஒருமனதாகக் கண்டுபிடித்தது.

இதைக் கண்டுபிடிக்க இத்தனை வருஷமா என்று யாரும் கேட்கக் கூடாது. அந்தத் தெருச் சாக்கடை லேசுப்பட்ட சாக்கடை அல்ல. கட்டிய ஒப்பந்தக்காரர் தண்ணீர் ஓட வேண்டிய வாட்டத்தைத் திருப்பிப் போட்டுக் கட்டிவிட்டார். கழிவுநீர் பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறிப் போகும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. கழிவுநீர் ஒத்துழைக்கவில்லை. தெருவின் நடுப்பள்ளத்தில், பொன்னாயியின் இட்லிக் கடைக்கு நேர் எதிரே உட்கார்ந்துவிட்டது. மன்றமும் அத்தனை காலம் உட்கார்ந்துதான் இருந்தது. ஆனால் நாற்றத்துக்குச் சாக்கடையை மட்டுமே குறை சொன்னார்கள்.

சாக்கடைக்காக மனு எழுதி எழுதிக் கை தேய்ந்தவர் காளியண்ணன். எழுபதைத் தாண்டிய மனிதர். பள்ளிக்கூடம் எட்டாவதோடு நின்றது. அதற்கு மேல் அவரைப் படிக்க வைத்தவை துண்டறிக்கைகளும், கூட்டங்களில் விற்கும் சிறு வெளியீடுகளும்தான். மண்ணெண்ணெய்க்காக மறியல் செய்திருக்கிறார். மறியல் செய்தவர்களை விடுவிக்கச் சொல்லியும் மறியல் செய்திருக்கிறார். ஊர்ப் பேருந்து நிறுத்தம் அவர் வாங்கிக் கொடுத்தது. அதன் நிழலில் நின்று செல்போன் பார்க்கிறவர்களில் ஒருவர்கூட இன்று அவரை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. கடைசியாக ஒரு வெற்றி கிடைத்தால் போதும் என்றிருந்தது அவருக்கு.

பொன்னாயிக்கோ வயிற்றுப் பாடு.

"அண்ணா, சாப்பிட வாரவன் ஒரு கையில மூக்கைப் புடிச்சிக்கறான். இன்னொரு கையில ஈ ஓட்டறான். இட்லியை எந்தக் கையில தின்பான், நீங்களே சொல்லுங்க. இப்படியே போனா ஆடி நோம்பியோட கடையைச் சாத்தீட்டு மில்லு வேலைக்குத்தான் போவோணும்."

"கவலைப்படாத தங்கச்சி. வாட்டத்தை மாத்திக் கட்டாம நான் ஓயமாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனார் காளியண்ணன்.

உள்ளே நுழைந்ததும் வேறெங்கோ வந்துவிட்டோமோ என்று திரும்பி வெளியே வந்து பெயர்ப்பலகையைப் பார்த்தார். பலகை சரியாகத்தான் இருந்தது. ஒவ்வொரு மேசையிலும் ஒரு கல்லும், பக்கத்தில் புகையும் ஊதுபத்தியும் இருந்தன. புகைக்குள்ளிருந்து செயல் அலுவலர் தனபால் சிரித்தார்.

"வாங்கய்யா. உங்களுக்காகத்தான் இதை வெச்சிருக்கறேன்."

அவர் மேசையில் கன்னங்கரேலென்று ஒரு கல்.

"என்னதுங்க இது?"

"கருப்பு டூர்மலின். இதுக்குச் சாம்பிராணிதான் ஜோடி. எதிர்ல வாற கெட்டதையெல்லாம் உறிஞ்சிக்கும்."

"எதிர்ல நான்தானே வந்தேன்?"

"அதைத்தானுங்க சொல்றேன்."

பக்கத்து நாற்காலியில் சேலத்திலிருந்து வரவழைக்கப்பட்ட நேர்மறை ஆற்றல் ஆலோசகர் தனப்பிரியா இருந்தார். பட்டணத்து உடுப்பு, கைநிறையக் கல் வளையம். பெரியவருக்கு அலுவலகத்தைச் சுற்றிக் காட்டும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

"வரி வசூல் பிரிவுக்கு சிட்ரின், சார். மஞ்சள் கல். பட்டை வாசனை ஊதுபத்தியோட வெச்சா வருமானத்தை இழுக்கும். பிறப்புச் சான்றிதழ் பிரிவுக்கு ரோஸ் குவார்ட்ஸ், ரோஜா ஊதுபத்தி. இது அன்புக்கான கல்."

"சான்றிதழ் குடுக்க அன்பு எதுக்கு அம்மணி?"

"அன்பு இருந்தாத்தான் சார் குடுக்கறாங்க. இல்லேன்னா சர்வர் வேலை செய்யலேன்னு சொல்லீர்றாங்க."

பொறியாளர் மேசை மட்டும் காலியாக இருந்தது. கல்லும் இல்லை, பொறியாளரும் இல்லை.

"அவருக்குப் புலிக்கண் கல்" என்றார் தனபால். "தைரியத்துக்கு. உங்க தெருச் சாக்கடையை நேர்ல போய்ப் பாக்கத் தைரியம் வேணுமில்லீங்களா? ஆனா கல்லைப் பௌர்ணமி நிலாவுல ஒரு ராத்திரி வெச்சாத்தான் சக்தி ஏறும். போன பௌர்ணமிக்கு மேகமாப் போச்சு. அதுக்கு முந்துன பௌர்ணமி அரசு விடுமுறை."

காளியண்ணனுக்குக் காது மடல் சிவந்தது. "அதெல்லாம் இருக்கட்டுமுங்க. வாட்டத்தை எப்ப மாத்திக் கட்டுவீங்க?"

"அய்யா, நீங்க அனுபவஸ்தர். உங்க மனுவுல என்ன எழுதியிருக்கறீங்க? 'துர்நாற்றம் தாங்க இயலவில்லை, உரிய நிவாரணம் வழங்குக.' நிவாரணம் வருது. உங்க தெருவுக்குன்னே தனியா ஒரு கல்லு, அதுக்கேத்த புகை. திட்டத்துக்குப் பேரே நறுமண நிவாரணம்."

சொன்னபடி வந்தது. இந்த அலுவலகத்திலிருந்து சொன்னபடி ஒன்று வந்ததே தெருவுக்குப் புதுசு. சாக்கடையோரம் சிமெண்டில் மேடை கட்டி, டைல்ஸ் ஒட்டி, கண்ணாடிக் கூண்டுக்குள் கல்லை வைத்து, கீழே சாம்பிராணிக்கு ஒரு தட்டும் வைத்தார்கள். மேடைக்கு வாட்டம் பிசகாமல் கட்டியிருந்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். மழை பெய்தால் தண்ணீர் அழகாக வடிந்து சாக்கடையில் சேர்ந்தது.

பொன்னாயி கரண்டியோடு வந்து கூண்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்கண்ணா, இது வெங்கச்சாங்கல்லு! எங்கப்பன் சோளக்காட்டுல ஏரோட்டறப்ப கொழுவுல தட்டுனா எடுத்து வரப்புக்கு அந்தாண்ட வீசுவாரு. காட்டுல மேயற ஆட்டைத் தொரத்தறதுக்கு எறியற கல்லுங்க இது."

"அக்கா, இதுக்குப் பேர் கிளியர் குவார்ட்ஸ்" என்று தனப்பிரியா பொறுமையாக விளக்கினார். "கல்லுகளுக்கெல்லாம் இதுதான் தலைவன். பக்கத்துல இருக்கறதோட சக்தியைப் பல மடங்கு பெருக்கும்."

"பக்கத்துல இருக்கறது நாத்தந்தானே கண்ணு?"

ஆலோசகர் தட்டில் இன்னும் கொஞ்சம் சாம்பிராணி போட்டார். ஆனால் அன்றைக்குச் சாயங்காலமே தெருவில் நாற்றம் கூடியிருப்பதாக எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். கல்லுக்குச் சக்தி உண்டு என்று தெரு நம்பத் தொடங்கியது அப்போதுதான்.

நம்பிக்கை வந்தால் பொறாமை வருவதற்கு எத்தனை நேரமாகும்? மன்றத் தலைவரும் உறுப்பினர்களும் குடியிருக்கும் கச்சேரி வீதியில் சாக்கடை ஒழுங்காக ஓடுகிறது. நாற்றமே கிடையாது. அங்கேயும், முன்னெச்சரிக்கை நடவடிக்கையாக, ஒரு கல் வைத்திருந்தார்கள். ஊதா நிறத்தில் பளபளக்கும் அமெதிஸ்ட். அதற்கு ஜோடி அசல் சந்தன ஊதுபத்தி.

"அவங்களுக்கு ஊதாக் கல்லு, நமக்கு ஆட்டை எறியற கல்லா? அவங்களுக்குச் சந்தனம், நமக்குச் சாம்பிராணியா?" என்று தெரு கொதித்தது. காளியண்ணனைத் தேடி வந்து வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. சாக்கடைக்கு வாருங்கள் என்று அவர் வருஷக்கணக்காகக் கூப்பிட்டபோது வராத தெரு அது. அத்தனை தலைகளை ஒன்றாகப் பார்த்ததும் கிழவருக்கு முதுகு நிமிர்ந்துகொண்டது.

சாக்கடையைப் பற்றித்தான் பேசப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டே கல் மேடைமேல் ஏறினார்.

"தோழர்களே! ஒன்று கேட்கிறேன். இந்தக் கல்லுக்குச் சக்தி இல்லை என்றால், இதை எதற்காக இங்கே கொண்டுவந்து நட்டார்கள்?"

கூட்டம் செல்போனைப் பார்த்தது. ஒருவர் கொட்டாவி விட்டார்.

"சக்தி உண்டு என்றால், அதிலே மேல், கீழ் என்ற பேதம் எதற்கு?"

கைத்தட்டல் சந்தைப்பேட்டைவரை கேட்டது. அத்தனை பெரிய கைத்தட்டலைக் காளியண்ணன் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. முதல் கேள்வியை அவர் மறுபடி கேட்கவில்லை. இரண்டாவதையே திருப்பித் திருப்பிக் கேட்டார். சாக்கடை என்ற சொல் அன்றைய பேச்சில் ஒரே ஒரு தரம் வந்தது. அதுவும் மேடையிலிருந்து இறங்கும்போது, "பாத்து இறங்குங்கண்ணா, சாக்கடை" என்று பொன்னாயி சொன்னது.

பேரூராட்சி வாசலில் தர்ணா நடந்தது. தனபால் வழக்கமாகப் பின்வாசல் வழியே போய்விடுகிறவர். இந்தத் தடவை நேராகப் பந்தலுக்கே வந்து உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்தார்.

"அய்யா, உங்க கோரிக்கை நியாயமானது. இந்த மாதிரிக் கோரிக்கையோட நீங்க முதல்லயே வந்திருக்கோணும்."

உத்தரவு அங்கேயே வாசிக்கப்பட்டது. இனிமேல் நாறும் தெருவுக்கே நறுமணம். கச்சேரி வீதிக் கல் பறிக்கப்பட்டுச் சந்தைத் தெருவுக்கு வழங்கப்படுகிறது. 'துர்நாற்றம் நிலவும் காலம்வரை' சந்தன ஊதுபத்தி இலவசம். துர்நாற்றம் நிலவுகிறதா என்பதைத் துப்புரவு ஆய்வாளர் மாதாமாதம் நேரில் வந்து முகர்ந்து சான்றளிப்பார்.

ஊதாக் கல்லை ஊர்வலமாகக் கொண்டுவந்தார்கள். தனப்பிரியா மைக்கில் அதன் மகிமையைச் சொன்னார். "இது மன அமைதிக்கான கல். அந்தக் காலத்துல கிரேக்க தேசத்துல போதை ஏறக் கூடாதுன்னு இந்தக் கல்லுல கிண்ணம் செஞ்சு அதுல மது குடிச்சாங்க."

"போதை ஏறக் கூடாதுன்னா அப்புறம் எதுக்கு அம்மணி குடிச்சாங்க?" என்று கூட்டத்தில் ஒரு கிழவர் உண்மையான கவலையோடு கேட்டார்.

காளியண்ணனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தியவர் தனபால். அதைக் கழற்றி வீச வேண்டும் என்று காளியண்ணன் நினைத்தார். ஆனால் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. இத்தனை நாற்றத்துக்கு நடுவே நின்றும் மினுமினுப்புக் குறையாத கல் எத்தனை சக்தி வாய்ந்ததாக இருக்க வேண்டும் என்று வெளியூரில் பேசிக்கொண்டார்கள். வாழப்பாடியிலிருந்தும் ஜலகண்டாபுரத்திலிருந்தும் வேன் பிடித்து வந்தார்கள். வந்தவர்கள் முதலில் சாக்கடையை முகர்ந்தார்கள், பிறகு கல்லைக் கும்பிட்டார்கள். வரிசை அதுதான். நாற்றம் சரியாகத் தெரியாதவர்கள் இன்னொரு தரம் வந்து முகர்ந்தார்கள். முகர்ந்தவர்களுக்குப் பசித்தது. பொன்னாயி கடைக்கு மேசை போதவில்லை. பக்கத்து வீட்டையும் வாடகைக்குப் பிடித்து, இட்லியோடு ஊதுபத்திக் கட்டும் விற்றாள்.

கல்லைப் பறிகொடுத்த கச்சேரி வீதிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? தங்கள் சாக்கடையையும் இடித்து, சந்தைத் தெருவில் கட்டிய அதே ஒப்பந்தக்காரரை வைத்தே கட்டித் தர வேண்டும் என்று மனுக் கொடுத்தார்கள். மனு பரிசீலனையில் இருந்தது.

காளியண்ணனுக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. பொன்னாடையை மடித்துப் பெட்டியில் வைத்தாலும் அது வெளியே வந்து கேள்வி கேட்பதுபோல் இருந்தது. கேட்டது சாக்கடை, வாங்கியது கல். யாரிடமும் சொல்லாமல் நாமக்கல் கலெக்டர் ஆபீசுக்கும் சென்னைக்குமாக எழுதினார். இந்த முறை நாற்றம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. வாட்டம், வாட்டம், வாட்டம் என்றே எழுதினார். மேலிடத்தில் யாரோ புத்தியுள்ளவர் இருந்திருக்க வேண்டும். ஒருநாள் காலையில் ஜேசிபி வந்துவிட்டது.

சேதி கேட்டுக் கிழவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். தெருவே கூடி நின்றது. வரவேற்கத்தான் நிற்கிறார்கள் என்று நினைத்தார். கிட்டே போன பிறகுதான் தெரிந்தது, ஜேசிபியின் வாளிக்கு முன்னால் பொன்னாயி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரி தங்கச்சி. வாட்டத்தை மாத்தாம ஓயமாட்டேன்னு உன்கிட்டத்தானே சொன்னேன்?"

"சொன்னீங்கண்ணா. அது நாத்தம் நமக்குத் தொந்தரவா இருந்தப்ப. இப்ப அதுதான் நம்ம உரிமைங்க. வாட்டம் சரியாப் போச்சுன்னா நாத்தம் போயிரும். நாத்தம் போச்சுன்னா கல்லு போயிரும். கல்லு போச்சுன்னா நான் மில்லு வேலைக்குத்தான் போவோணும். போராடி வாங்குனதை விட்டுக் குடுக்கக் கூடாதுன்னு அத்தனை கூட்டத்துலயும் பேசுனது நீங்கதானே?"

காளியண்ணன் தனபாலைப் பார்த்தார். தனபால் கைகட்டி நின்றார். முகத்தில் அப்படியொரு பணிவு.

"மக்கள் வேண்டாங்கறாங்க அய்யா. மக்கள் கருத்தை மீறி இந்தப் பேரூராட்சி இதுவரைக்கும் எந்த வேலையும் செஞ்சதில்லீங்க."

ஜேசிபி ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார். "ஏனுங்க பெரியவரே, உங்க மனுவுக்குத்தான் வந்திருக்கறேன். நவுரச் சொல்றீங்களா, நான் போகட்டுங்களா?"

கூட்டம் கோஷம் போட ஆரம்பித்தது. ஒருவர் "கல்லை எடுக்காதே" என்றார், ஒருவர் "சாக்கடையைத் தொடாதே" என்றார், இன்னொருவர் "ஜேசிபியே வெளியேறு" என்றார். முன்வரிசை முடிக்கும்போது பின்வரிசை தொடங்கியது. எடுப்பும் இல்லை, ஒழுங்கும் இல்லை. சந்தையில் தக்காளி விற்பதுபோல் இருந்தது.

இதை ஒழுங்குபடுத்தலாம் என்று தனபால் தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்னே வந்தார்.

காளியண்ணன் ஒரு கணம் சாக்கடையைப் பார்த்தார். ஒரு கணம் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டத்துக்கு எதிர்ப்பக்கம் நின்று அவருக்குப் பழக்கமில்லை. அதைவிட, ஒரு செயல் அலுவலர் கோஷம் போட்டுத் தெரு பின்பாட்டுப் பாடுவதை உயிரோடு நின்று பார்க்கிற மனத்தெம்பும் அவருக்கு இல்லை.

தனபாலை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு ஜேசிபியின் படியில் ஏறினார்.

"நிறுத்துங்க! இப்படி ஆளுக்கொண்ணாக் கத்துனா கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் எப்படிக் கேக்கும்? நான் சொல்றதைச் சொல்லுங்க!" முஷ்டியை உயர்த்தினார். வயசான குரலானாலும் கணீரென்று வந்தது. "திருப்பாதே, திருப்பாதே!"

"வாட்டத்தைத் திருப்பாதே!" என்று தெரு ஒரே குரலில் முழங்கியது.

கோஷம் இன்னும் நன்றாகக் கேட்கட்டும் என்று ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார்.