பிசிபேளாபாத் ப்ளே-ஆஃப்

நேத்து எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. கீழே ஹாலுக்குப் போய் ஒரு பிசிபேளாபாத் செய்யணும். அவ்ளோதான்.

ராஜ்யோத்சவா, அதான் கர்நாடகா பொறந்தநாள், வந்தா எங்க பெங்களூரு ஈஜிபுரா அபார்ட்மென்ட்ல சமையல் போட்டி. கப் வருஷா வருஷம் என் ஷோகேஸுக்குத்தான் வரும். இந்தத் தடவை பேர் குடுத்தவங்க ஜாஸ்தி. ஃபைனலுக்கு அத்தனை அடுப்பு வைக்க இடமில்லை. அசோசியேஷன் செக்ரட்டரி யாரு? என் வீட்டுக்காரர். ஃபுட்பால் பைத்தியம்!

"ஐரோப்பாவுல வேர்ல்ட் கப்புக்கு டீம் எடுக்கிற மாதிரியே எடுத்துடலாம். குரூப் குரூப்பா பிரிப்போம். ஃபர்ஸ்ட் வந்தா நேரா ஃபைனல். செகண்ட் வந்தா ப்ளே-ஆஃப் ஆடணும். அப்புறம் இன்னொரு வழி..."

"போதும் சாமி! நான் ஃபர்ஸ்ட் வரப்போறேன். மத்த வழியெல்லாம் எனக்கெதுக்கு?"

செகண்ட் வந்தேன்.

குக்கர் அடங்குற வரைக்கும் நமக்கு எங்க பொறுமை? வெயிட்டைத் தூக்கிவிட்டுத் திறந்துட்டேன். பருப்பு வேகலை.

எங்க குரூப்ல கடைசி, ரெண்டாம் மாடி ரூபா. அவ செஞ்சதைக் கரண்டியால எடுக்க முடியாது, கத்தி வேணும். இதை அவ முன்னாடியே சொன்னேன்.

நேத்து ப்ளே-ஆஃப். ஒரே ஆட்டம், தோத்தா வீட்டுக்கு. ஹாலுக்குப் போனா எதிர் அடுப்புல ரூபா!

"ஏங்க, கடைசியா வந்தவ எப்படிங்க இங்க?"

"போன வருஷம் கோலப் போட்டியில ஜெயிச்சாளே! ஐரோப்பாவுலயும் அப்படித்தான். வேற லீக்ல ஜெயிச்ச டீம் இதுல கோட்டை விட்டாலும் ப்ளே-ஆஃப்ல ஒரு சான்ஸ் உண்டு."

"கோலத்துக்கும் சோத்துக்கும் என்னங்க சம்பந்தம்?"

"அந்த இன்னொரு வழியைத்தான் சொல்ல வந்தேன். நீ எங்க கேட்ட?"

அதுக்குள்ள ரூபா, "அக்கா, தப்பா நினைக்காதீங்க. தண்ணி எவ்ளோ வெக்கணும்?"

பாவமா இருந்துச்சு. பாவத்தைவிட எனக்கு வாய் ஜாஸ்தி. எங்க கான்வென்ட் மிஸ் மாதிரி இடுப்புல கை வெச்சுக்கிட்டு ஆரம்பிச்சேன்.

"இதென்ன, பூச்செடிக்கு விடுறியா? இன்னும் ஊத்து! புளி பச்சை வாசனை போகட்டும். ஏய், குக்கரைத் தொடாதே! தானா அடங்கட்டும். என்ன அவசரம் உனக்கு?"

"ஆய்த்து அக்கா, சரி அக்கா"ன்னு சொன்னதையெல்லாம் அப்படியே செஞ்சா.

ஜட்ஜ், முதல் மாடி கௌடா அங்கிள். ரூபாவோடதை வாயில வெச்சதும் கண்ணை மூடிட்டார். "சக்கத்தாகிதே!"ன்னு இன்னொரு கரண்டி வாங்கிக்கிட்டார்.

அடுத்து என்னோடது. ஒரே ஒரு ஸ்பூன். ஸ்பூனைக் கீழே வெச்சுட்டார்.

"அம்மா... உப்பு?"

அவளுக்குப் பாடம் எடுத்த மும்முரத்துல என் பாத்திரத்துக்கு உப்பே போடலை!

ரூபா ஓடி வந்து கையைப் பிடிச்சுக்கிட்டா. "எல்லாம் உங்களாலதான் அக்கா!"

அதைத்தான் நானும் சொல்றேன்.

லிஃப்ட்ல வீட்டுக்காரர் ஆறுதல் வேற. "விடு. உன் பக்குவம் குவாலிஃபை ஆயிடுச்சு. நீதான் ஆகலை."

இன்னிக்குக் காலையிலேர்ந்து வாசல்ல உட்கார்ந்து புள்ளி வெச்சுப் பழகிட்டிருக்கேன். அடுத்த வருஷ சமையல் போட்டிக்கு.