பஞ்சுப் பெட்டியில் போன கஞ்சி

புதுக்கோட்டை சமஸ்தானத்தில் அடுப்பு நெருப்புக்கு அடுத்தபடி சூடான பொருள் எது என்று கேட்டால், ‘சுடச்சுட’ என்று ஊரே பட்டப்பெயர் வைத்திருந்த மனிதர் குடித்த காபிதான் என்று சத்தியம் செய்வேன். யுத்த காலத்தில் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்த ஆபீசில் அவர்தான் எங்கள் பிரிவுக்கு மூத்தவர். பெற்றவர்கள் வைத்த பெயரை அவரே மறந்திருப்பார். அவரை நினைத்துச் சிரிக்க ஆரம்பித்தால், சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடுகிறது.

காபி கிளப்பில் அவர் தலை தெரிந்தாலே சப்ளையர் கையில் துண்டைச் சுற்றிக்கொள்வார். டம்ளரையும் டபராவையும் கொதிக்கிற தண்ணீரில் முக்கியெடுத்த பிறகுதான் காபியை ஊற்ற வேண்டும்.

“ஜில்லுனு கெடக்குற டம்ளர்ல ஊத்துனா மொத மடக்கை டம்ளருல்ல குடிச்சுப்புடும்? நான் காசு குடுத்தது எனக்கா, டம்ளருக்கா?” என்பார்.

பொன்னமராவதியில் ஒரு கல்யாணம். அவருக்குப் பந்தியின் கடைசியில் இடம் கிடைத்தது. சாம்பார் வந்து சேர்வதற்குள் ஆறிவிடும் என்று, இலையைத் தூக்கிக்கொண்டு சமையல் கொட்டகைக்குள் போய்க் கோட்டை அடுப்பை ஒட்டி உட்கார்ந்துவிட்டார். ஏதோ குறை என்று பயந்து பெண் வீட்டார் ஓடிவந்து கெஞ்சினார்கள். இவரோ வியர்வை சொட்டச் சொட்ட ரசம் குடித்துக்கொண்டிருந்தார்.

“நம்ம ஊர்க் காத்து இருக்கே தம்பி, அது எதையும் விட்டுவைக்காது. கொதிக்கிறதையெல்லாம் தன்னைய மாதிரியே ஆக்கிப்புட்டுத்தான் ஓயும்” என்று எனக்கு விளக்கம் வேறு.

இத்தனை பாட்டையும் வீட்டில் சலிக்காமல் தாங்கியவர் அவர் மனைவி. குழந்தைகள் கிடையாது. ஒரு மார்கழியில் அந்த அம்மாள் காய்ச்சலில் விழுந்து, நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். எதைக் கொடுத்தாலும் குமட்டல். கொதிக்கக் கொதிக்கக் கஞ்சி என்றால் மட்டும் நாலு வாய் உள்ளே போகும். ஆகாரம் உள்ளே போனால் பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வீடு ஊரின் ஒரு கோடி, ஆஸ்பத்திரி மறு கோடி. தூக்குச் சட்டியில் கொண்டுபோனார், ஆறிவிட்டது. கம்பளியில் சுற்றிக்கொண்டு ஓடினார். பாதிக் கஞ்சியைக் கம்பளி குடித்துவிட்டது. பிளாஸ்க் என்ற வஸ்துவைப் பெரிய அதிகாரிகள் வீட்டில்தான் பார்க்கலாம். குதிரையின் வேகம் போதவில்லை என்று ஜட்காக்காரர்களோடு சண்டை போட்டார். அவரோடு போயிருந்த என்னைப் பார்த்து அந்த அம்மாள் மட்டும் படுத்தபடியே சிரித்தார்.

“எம்புட்டுப் பாடு படுறாக பாருங்க தம்பி. ஆறுனதையும் குடிக்கத்தான் பாக்குறேன். தொண்டை கேக்க மாட்டேங்குது.”

அதைக் கேட்டதும் அவர் வீட்டுக்குப் போய்த் தலையணைகளையெல்லாம் கிழித்தார். ஒரு மரப்பெட்டி முழுக்க இலவம் பஞ்சை அமுக்கி, நடுவில் கஞ்சிச் சட்டியைப் புதைத்தார். பெட்டியின் ஒரு பக்கம் அவர், மறு பக்கம் நான். அவர் மீசையிலும் புருவத்திலும் பஞ்சு.

“என்ன சார், கோழி அடை வச்சிருக்கீகளா?” என்று கடைத்தெருவே கேட்டது. எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி நிற்கிறவர், அன்றைக்கு யார் முகத்தையும் பார்க்கவில்லை.

வார்டு வாசலிலேயே பெட்டியை இறக்கித் திறந்தார். சட்டி மூடியை எடுத்ததும் ஆவி குபுகுபுவென்று எழும்பியது.

“பாத்தியா தம்பி! இப்பத்தான் அடுப்புலேருந்து எறக்குன மாதிரி இருக்கு!” என்று சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார்.

நர்ஸ் வந்து அவர் தோளைத் தொட்டார். அந்த அம்மாள் சற்று முன்புதான் போய்விட்டார்.

அவர் அழவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து, மனைவியின் வலது கையை எடுத்துத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்குள்ளும் பொத்திக்கொண்டார். நான் சட்டி மூடியை ஏந்திக்கொண்டு நின்றேன். வெகுநேரம் கழித்து அவர் என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, இங்கிட்டு வா. இந்தக் கையைத் தொட்டுப் பாரு. சூடு இருக்குல்ல? அந்த நர்ஸம்மாவுக்குச் சரியாப் பாக்கத் தெரியலை.”

தொட்டேன். சூடு இருந்தது. அத்தனை நேரம் பொத்தி வைத்திருந்த அவருடைய உள்ளங்கைச் சூடு அது. மணிக்கட்டுக்கு மேலே, மார்கழிக் குளிர்தான் இருந்தது.

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இருக்கு சார். விட்டுறாதீங்க” என்றேன்.